கண்ணில் குறையில்லை என்று நான் எழுதிய சான்றிதழ்

உங்களில் பாதிப் பேர் என் பேச்சைக் கேட்க ஆசைப்பட்டு வந்ததாக உங்கள் செயலாளர் சொன்னார். நான் நம்பவில்லை. ராஜபாளையத்து வெயிலில், மாலை நாலரை மணிக்கு, வேலைக்குப் புதிதாக வந்த டாக்டர்கள் ஒரு கிழவன் பேச்சைக் கேட்கத் தாமாக வருகிறார்கள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. பின்கட்டில் டிபன் அடுக்கியிருப்பதை நான் வரும்போதே பார்த்துவிட்டேன். பரவாயில்லை, உட்காருங்கள். ஆறு மணிக்குள் விட்டுவிடுகிறேன்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் காலம் தள்ளியவனுக்குச் சந்தேகம் ரத்தத்தில் ஊறிவிடும். காய்ச்சல் என்று ஒருவன் வந்தால் நான் முதலில் கையைத் தூக்கச் சொல்வேன், கக்கத்தில் வெங்காயம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. இருந்ததா என்று கேட்பீர்கள். இரண்டு தடவை இருந்தது. அந்த இரண்டு தடவைதான் என்னைக் கெடுத்தது. அதற்குப் பிறகு வந்த ஆயிரம் நிஜக் காய்ச்சல்காரர்களும் என் முன்னால் திருடர்களைப்போலக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

இன்றைக்குச் சொல்லப்போவது அந்தப் புத்தியால் நான் ஒரு மனிதனை ஜெயில் வாசல்வரை தள்ளிவிட்ட கதை. இதை நான் எங்கேயும் எழுதவில்லை. பெருமையாக எழுத இதில் எனக்கு ஒன்றுமில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் இருந்தேன். மாசி மாதம் ஒரு காலையில் செண்பகத்தோப்பிலிருந்து ஒருவரை மாட்டுவண்டியில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். பெயர் தேவசகாயம். வனக் காவலர், ஊரில் ‘கார்டு’ என்பார்கள். மலையிலிருந்து இறங்கும் வண்டிகளை வனத்துறை கேட்டில் நிறுத்தி, விறகுக்கு அடியில் வேங்கைக் கட்டை ஒளித்து வைத்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அன்றைக்கு ஒரு வண்டியில் கட்டை இருந்தது. வண்டிக்காரனோடு நேருக்கு நேர் நின்று சத்தம் போட்டிருக்கிறார். விசில் ஊதுவதற்காக அந்தப் பக்கம் திரும்பியதும், அவன் கோடாலியைத் திருப்பிப் பிடித்துப் பின்மண்டையில் ஓங்கி ஒரு போடு போட்டுவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தார். மூன்றாம் நாள் கண் விழித்தார். இரண்டு வாரத்தில் எழுந்து நடந்தார். பேச்சு தெளிவு, கைகால் ஒழுங்கு, சாப்பாடு மூன்று வேளை. போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்து அடித்தவன் யார் என்று கேட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

“பேரு தெரியாது ஐயா. ரெண்டு மாசமா தெனமும் கேட்டுல வாரவன். இடது கன்னத்துல தழும்பு இருக்கும். ஆளைக் காட்டுங்க, சொல்லிருதேன்” என்றார்.

சாட்சியின் பார்வை எப்படி என்று இன்ஸ்பெக்டர் என்னிடம் எழுத்தில் கேட்டார். எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டித் தேவசகாயத்தைப் படிக்கச் சொன்னேன். கடைசி வரியில் இருந்த எறும்பெழுத்துவரை கடகடவென்று படித்தார். ‘கண்ணில் குறையில்லை, புத்தி தெளிவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மொத்தம் ஐந்து நிமிட வேலை.

அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னாலேயே என் கண்ணில் பட்ட இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, காலையில் நான் வார்டுக்குள் நுழைந்தால் எல்லா நோயாளியும் எழுந்து கும்பிடுவான். தேவசகாயம் மட்டும் நான் வாயைத் திறந்து பேசிய பிறகுதான் கும்பிடுவார். காக்கிச் சட்டைத் திமிர் என்று நினைத்தேன். இன்னொன்று, நெற்றியின் இடது ஓரத்தில் அவருக்குப் புதிதாக ஒரு வீக்கம். கேட்டதற்கு நிலைப்படியில் இடித்துக்கொண்டதாகச் சொன்னார். இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் இன்னொரு வீக்கம். வார்டுக்குள் யாரோ கள் கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்று நினைத்துத் தோட்டியைக் கூப்பிட்டு அதட்டினேன். பாவம், அவன் ஒன்றும் அறியாதவன்.

பங்குனியில் போலீஸ் ஒரு வண்டிக்காரனைப் பிடித்தது. ராஜபாளையம் பக்கத்து ஆள், இடது கன்னத்தில் தழும்பு, வீட்டில் கோடாலி. சப்-ஜெயில் முற்றத்தில் அடையாள அணிவகுப்பு நடந்தது. வேறு ஒன்பது பேரைக் கடைத்தெருவிலிருந்து பிடித்துவந்து அவனோடு வரிசையில் நிறுத்தினார்கள். சாட்சி தழும்பை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது, முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது முறை. அதனால் பத்துப் பேருக்கும் இடது கன்னத்தில் ஒரே அளவு பிளாஸ்திரி ஒட்ட வேண்டும் என்று மாஜிஸ்திரேட் சொல்லியனுப்ப, ஒட்டியவன் நான்தான். பத்துத் தலையிலும் ஒரே மாதிரித் துண்டு. யாரும் வாய் திறக்கக் கூடாது, அசையக் கூடாது.

தேவசகாயம் வந்தார். வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தார். திரும்பி நடந்தார். வண்டிக்காரன் நாலாவதாக நின்றான். அவன் முன்னால் நின்று பார்த்துவிட்டு, கடைத்தெருவில் யாரோ ஒருவனைக் கடந்து போவதைப்போல அவனைக் கடந்து போனார். பிறகு ஏழாவது ஆளுக்கு எதிரே நின்றார். அந்த ஆள் தெப்பலாக வேர்த்து நடுங்கிக்கொண்டிருந்தான். அவன் தோளில் கையை வைத்து, “இவன்தான்” என்றார்.

ஏழாவது ஆள் தேவசகாயத்தின் மனைவியுடைய தம்பி, ஞானமுத்து. மம்சாபுரத்திலிருந்து கத்தரிக்காய் விற்க வந்தவனை, யார் எவர் என்று விசாரிக்காமல் போலீஸ்காரர் ஒருவர் இழுத்துவந்து வரிசையில் நிறுத்தியிருக்கிறார். எதிரே அக்காள் புருஷன் வந்து நிற்பதைப் பார்த்ததும் பையனுக்குக் கைகால் உதறிவிட்டது. பேசக் கூடாது என்று சொல்லியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். தோளில் கை விழுந்ததும், “அத்தான்! என்ன அத்தான் இது?” என்று அலறிவிட்டான். தேவசகாயம் நெருப்பைத் தொட்டவரைப்போலக் கையை எடுத்தார். வாயே திறக்கவில்லை.

அன்று மாலை இன்ஸ்பெக்டர் என் அறையில் வந்து உட்கார்ந்தார். சிரித்துக்கொண்டே பேசினார். அவர் சிரித்தால் யாருக்கோ கேடு என்று அர்த்தம்.

“டாக்டர், கார்டு எவ்வளவு கெட்டிக்காரன் பார்த்தீங்களா? குற்றவாளியை விடணும். யாரையாவது தொடவும் செய்யணும். வழியில போற யாரையோ தொட்டா அவனுக்கு வம்பு வரும். சொந்த மச்சினனைத் தொட்டா? அவன் கத்தரிக்காய் விக்கிறவன்னு ஊருக்கே தெரியும், அவனுக்கு ஒரு கேடும் வராது. கேஸ் மட்டும் செத்துப்போகும். வண்டிக்கு முதலாளி பசையுள்ள ஆளு. கை மாறியிருக்கு.”

“கண் தெரியாமல் தவறிப் போயிருக்கலாமே” என்று ஒப்புக்குச் சொன்னேன்.

“கண்ணில் குறையில்லைன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?”

உள்ளதைச் சொல்கிறேன், அவர் சொன்னது எனக்கு ரொம்பச் சரியாகப் பட்டது. நானே யோசித்திருந்தாலும் அதே முடிவுக்குத்தான் வந்திருப்பேன். லஞ்சம் வாங்கிக்கொண்டு பொய் அடையாளம் காட்டியதாகத் தேவசகாயத்தின் மேல் வழக்குப் போட ஏற்பாடு நடந்தது. வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். கன்னத்தில் பிளாஸ்திரியோடு பத்துப் பேர் முன்னால் தன்னைத் திருடனாகக் காட்டிய அத்தானோடு இனி முகம் கொடுத்துப் பேசமாட்டேன் என்று ஞானமுத்து கோவிலில் வைத்தே சொல்லிவிட்டானாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மம்சாபுரம் வந்துவிடு என்று அக்காளுக்குச் சொல்லியனுப்பிக்கொண்டிருந்தான்.

பெரிய வெள்ளி முடிந்த மறுவாரம் அந்த அக்காள் என்னைத் தேடி வந்தாள். பெயர் பாக்கியம். சின்ன உருவம், பயந்த முகம், ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லாமல் போகமாட்டாள் என்று நிற்கிற தோரணையிலேயே தெரிந்தது.

“ஐயா, அவியளுக்கு ஆளு தெரியமாட்டேங்கு.”

“கண் நன்றாகத்தானே இருக்கிறது?”

“கண்ணு தெரியுது ஐயா. அரிசில கெடக்க கல்லைப் பொறுக்குதாவ. ஊசியில நூலு கோத்துத் தாராவ. ஆளுதான் தெரியல. நான் பேசாம நின்னா என்னையே தெரியல.”

நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். யாரோ வக்கீல் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. “இதை யார் சொல்லச் சொன்னது?” என்று கேட்டேன். எப்படிக் கேட்டிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

அவள் முகம் சிவந்துவிட்டது. “புருசனுக்குப் பொண்டாட்டியத் தெரியலன்னு எந்தப் பொம்பளை ஐயா வெளிய சொல்லுவா? வெக்கத்த விட்டுட்டு வந்து நிக்கேன். பெரிய வெள்ளிக்கிழம கோயிலுக்குப் பொம்பளைய எல்லாரும் வெள்ளச் சேலைல போனோம். ஆராதன முடிஞ்சு வெளிய வந்தா, அவிய வாசல்ல நின்னு எங்கள ஒவ்வொருத்தியா பாக்காவ. எனக்குச் சந்தேகம், ஒண்ணும் பேசாம ஓரமா நின்னேன். எம்புட்டு நேரம்னு நெனைக்கீய? எல்லாரும் போற மட்டும் நின்னாவ ஐயா. கடேசில நான் ஒருத்திதான் மிச்சம். அப்பந்தான் கிட்ட வந்து, ‘போவமா பாக்கியம்’ன்னாவ.”

அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள். எல்லாரும் போனபின் மிச்சமிருந்த ஒருத்தி என்பதால் தன் புருஷன் தன்னை மனைவியென்று ஏற்றுக்கொண்டதைச் சொல்லிவிட்டு ஒரு பெண் நிற்கிறாள். நான் என்ன கேட்டேன் தெரியுமா? “குடிப்பாரா?” என்று கேட்டேன்.

போகும்போது வாசலில் நின்று, “நிலைல எப்பவும் இடது பக்கமே முட்டுதாவ ஐயா. குடிகாரன் ரெண்டு பக்கமும்லா முட்டுவான்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதுதான் என்னை உறுத்தியது. அவள் கண்ணீரை நம்பினேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அந்த வீக்கத்தை நானே பார்த்திருந்தேன், இரண்டு தடவையும் இடது பக்கம்.

சரி, பொறி வைத்துப் பிடிப்போம் என்று முடிவு செய்தேன். தலைக் காயத்தைப் பார்க்க வேண்டும், மத்தியானம் மூன்று மணிக்கு வரச் சொல் என்று சொல்லியனுப்பினேன். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் கூட்டம் இருக்காது. கோட்டு, தொப்பி, மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி வைத்தேன். வேட்டியும் துண்டுமாகக் கட்டுப் போடும் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். நடிக்கிறவனாக இருந்தால் கண்ணிலோ உதட்டிலோ ஒரு நொடியாவது காட்டிக்கொடுத்துவிடுவான். அதைப் பிடிக்க எனக்குத் தெரியும் என்ற கர்வம்.

தேவசகாயம் வந்தார். என்னைப் பார்த்தார். “தள்ளி இருங்க அண்ணாச்சி” என்று பக்கத்தில் உட்கார்ந்தார். “டாக்டரையா உள்ள இருக்காவளா?”

தொண்டையைத் தொட்டுக் காட்டி, பேச முடியாது என்று கையை அசைத்தேன்.

“தொண்டக்கட்டா?” என்று சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு பனங்கற்கண்டை எடுத்து என் கையில் வைத்தார். “வாயில போட்டு அடக்கிக்கிடுங்க. செத்த நேரத்துல இளகும்.”

வாயில் போட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

“இந்த டாக்டரு தங்கமான வைத்தியரு” என்று அவராகவே ஆரம்பித்தார். “என்னப் பொழைக்க வச்சதே அவருதான். ஆனா மனுசன் ஒருத்தரையும் நம்ப மாட்டாரு. நாம இருமினா, நெசமா இருமுதானான்னு உத்துப் பாப்பாரு. அவருக்கிட்டப் போயி நெசத்தச் சொல்ல முடியுமா? சொன்னா கீழ்ப்பாக்கத்துக்கு எழுதிப் போட்டுருவாரு.”

நான் கற்கண்டை அடக்கிக்கொண்டு அசையாமல் இருந்தேன். அவர் செருப்பைப் பார்த்தபடி பேசிக்கொண்டே போனார். பேச முடியாத ஒருவன் கிடைத்தது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

“அண்ணாச்சி, உங்க மூஞ்சி எனக்குத் தெரியுது. கண்ணு இருக்கு, மூக்கு இருக்கு, மீச இருக்கு. ஆனா இப்ப நான் அங்கிட்டுத் திரும்பிட்டு இங்கிட்டுத் திரும்பினா, நீங்க புது ஆளு. எம்புள்ளைய மூஞ்சியும் அப்படித்தான். குரல் கேட்டுட்டா போதும், அம்புட்டும் வந்துரும். அன்னைக்கு ஜெயில்ல ஒருத்தனும் பேசல. கன்னமெல்லாம் பிளாஸ்திரி. எல்லாம் ஒரே மூஞ்சி. ஒருத்தன் மட்டும் என்னையே பாத்து வேர்த்து வடிஞ்சான். தப்பு செஞ்சவன்தானே வேர்ப்பான்னு தொட்டுட்டேன். பொறவு குரலக் கேட்டா எம் மாப்ள.”

செருப்பு நுனியால் தரையைத் தேய்த்தார்.

“அடுத்த வாரம் கோர்ட்டு கச்சேரில கேப்பாவ. ஆமா, காசு வாங்கினேன்னு ஒத்துக்கிடப் போறேன். ஜெயிலுன்னா ஆறு மாசமோ ஒரு வருசமோ. கைதின்னாலும் வெளிய வந்து பொழைக்கலாம். பைத்தியம்னு எழுதிட்டா ஆயுசுக்கும் உள்ளதான். எம் பொண்டாட்டியும் ஒரு நாள் வந்து என்னப் பாத்துட்டுப் போவா, அது யாருன்னே எனக்குத் தெரியாது.”

செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்று அந்த மனிதர் சொல்கிறார். அதற்குக் காரணம் நான் என்றும் என்னிடமே சொல்கிறார். வாயிலிருந்த கற்கண்டைக் கையில் துப்பிக்கொண்டேன்.

“தேவசகாயம்” என்றேன்.

துள்ளி எழுந்தார். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. முகம் வெளுத்து, கை தானாகக் கும்பிட்டது. “ஐயா… நீங்களா ஐயா” என்று சுவரோடு ஒட்டிக்கொண்டார். இதையும் ஒருவன் நடிக்கலாம் என்று என் பழைய புத்தி அப்போதும் சொல்லிப் பார்த்தது. முதல்முறையாக அதை அதட்டி உட்கார வைத்தேன்.

அவரை உள்ளே அழைத்துப்போய் என் மூக்கை மட்டும் பார்க்கச் சொல்லிவிட்டு, என் விரலை நாலு பக்கமும் ஆட்டினேன். வலது மேல், வலது கீழ், இடது கீழ், மூன்றிலும் தெரிந்தது. இடது மேல் மூலையில் விரல் அவருக்கு இல்லவே இல்லை. பத்துத் தடவை மாற்றி மாற்றிப் பார்த்தேன், பத்துத் தடவையும் அதே. எதிரே இருக்கிற எறும்பெழுத்தைப் படிக்கிற கண் அது. இடது பக்கம் உயரத்தில் வருகிற நிலைச்சட்டம் அதற்குத் தெரியாது. சான்றிதழ் எழுதிய அன்றே ஒரு விரலை ஆட்டிப் பார்த்திருந்தால் போதும். அரை நிமிட வேலை, நான் செய்யவில்லை.

மதுரையில் எனக்கு மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவருக்கு உடனே கடிதம் எழுதினேன். முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் வேலை பார்த்தவர். பதில் நாலே நாளில் வந்தது. பின்மண்டையில் குண்டு பட்டுப் பிழைத்தவர்களில் இப்படி இரண்டு பேரைப் பார்த்திருப்பதாகவும், அவர்களையும் முதலில் கோழைகள், வேஷக்காரர்கள் என்றுதான் சொன்னார்கள் என்றும் எழுதியிருந்தார். கண் பார்த்தது மூளையின் பின்பக்கத்தில் வந்து இறங்குகிறது. இறங்கியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. அங்கிருந்து பேச்சுக்கு ஒரு வழி, கைக்கு ஒரு வழி, பழகிய முகங்களின் ஞாபகத்துக்கு ஒரு வழி என்று பல வழிகள் போகின்றன. இவருக்கு அந்தக் கடைசி வழி மட்டும் அறுந்திருக்கலாம், காது வேறு வழியாக அதே ஞாபகத்துக்குப் போய்ச் சேர்கிறது என்றார். விருதுநகரில் தென்காசி லைன் பழுதானால் தூத்துக்குடி வண்டி நிற்கிறதா என்ன, அந்த மாதிரி என்று நான் எனக்குப் புரியும்படி வைத்துக்கொண்டேன். கடிதத்தின் கடைசியில், எழுத்து அட்டை கண்ணைத்தான் சோதிக்கும் என்பதை உனக்கு நான் கற்றுக்கொடுக்கவில்லையா என்று ஒரு வரி. கற்றுக்கொடுத்திருந்தார்.

புதுச் சான்றிதழை எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் போனேன். படித்துவிட்டுச் சிரித்தார்.

“மாசியில கண் நல்லாருக்குங்கிறீங்க. சித்திரையில கண் நல்லாருக்கு, ஆனா ஆள் தெரியாதுங்கிறீங்க. நடுவுல யார் வந்து உங்களைப் பார்த்தாங்க டாக்டர்?”

என் காது சூடாகிவிட்டது. வாயில் வந்த பதில் எல்லாம் குற்றவாளி பேசுகிற பேச்சாகவே இருந்தது. உண்மையைச் சொல்கிறவனை நம்பாமல் ஒருவர் உற்றுப் பார்த்தால், உண்மை சொல்கிறவனுக்கும் வேர்க்கும். எனக்கு வேர்த்தது. ஐம்பது வயதுக்குள் எத்தனை பேரை அப்படி வேர்க்க வைத்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்.

அவரை விட்டுவிட்டு மாஜிஸ்திரேட்டிடம் போனேன். அவரும் என்னை நம்பவில்லை. ஆனால் நியாயமாக நம்பாதவர். “நீங்கள் சொல்வது உண்மையானால் முகம் இல்லாமலே அவன் ஆளைச் சொல்ல வேண்டும். நான் வைக்கிறபடி வைப்பேன், உங்களுக்கும் முன்கூட்டிச் சொல்லமாட்டேன்” என்றார்.

கச்சேரி அறையின் குறுக்கே ஜமுக்காளத்தைக் கட்டினார்கள். அந்தப் பக்கம் ஆட்கள், இந்தப் பக்கம் தேவசகாயம், கூடவே நான், இன்ஸ்பெக்டர், பாக்கியம். வண்டிக்காரர்கள் கேட்டில் நின்று சொல்கிற அதே பேச்சு, “கேட்டைத் தொறங்க சாமி, விறகுதான்” என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். எத்தனை பேர், யார் யார் என்று மாஜிஸ்திரேட் ஒருவருக்குத்தான் தெரியும்.

ஒரு குரல் வந்தது. தேவசகாயம் தலையை ஆட்டினார், இல்லை. இரண்டாவது, இல்லை. மூன்றாவது குரல் வந்ததும் அவர் கை பின்மண்டைக்குப் போனது. ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. நாலு, ஐந்து. ஆறாவது குரலுக்கு அவர் முகம் அழுவதைப்போல ஆகிவிட்டது. “ஐயா, இது எம் மாப்ள ஐயா. அவன ஏன் திரும்பவும் கூட்டியாந்தீய?” என்றார். இன்ஸ்பெக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

ஏழு, இல்லை. எட்டாவது குரல் கரகரவென்று, இருமலோடு வந்தது. தேவசகாயம் கொஞ்சம் யோசித்தார். பிறகு நிமிர்ந்து நின்று, “எட்டாவது பேசினவனும் மூணாவது பேசினவனும் ஒரே ஆளு ஐயா. இப்ப தொண்டைய மாத்திப் பேசுதான். அவன்தான் என்ன அடிச்சவன்” என்றார்.

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். ஜமுக்காளத்துக்கு அந்தப் பக்கம் அவர் நிறுத்தியிருந்தது ஏழே பேர். வண்டிக்காரனை இரண்டு தடவை பேச வைத்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. தேவசகாயத்தின் மேல் போட இருந்த வழக்கைக் கைவிட்டார்கள். கோடாலியும் வண்டியும் இந்தக் குரலும் சேர்ந்து வண்டிக்காரனுக்குத் தண்டனை வாங்கிக்கொடுத்தன. கேட்டில் நின்று ஆள் பார்க்கிற வேலை தேவசகாயத்துக்கு இனி ஆகாது என்று நான்தான் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. காக்கிச் சட்டை போயிற்று. நல்ல மனசுக்காரரான ஒரு ரேஞ்சர் அவரைத் தேக்கு நாற்றங்காலில் போட்டார். ஆள் முகம் பார்க்க வேண்டிய அவசியமில்லாத இடம். என் தவற்றை நான் முழுசாகச் சரிசெய்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சந்தேகம் இல்லாத டாக்டர் ஆளைக் கொன்றுவிடுவான். ஆனால் நோயாளியைச் சந்தேகிக்கும் முன்னால் உங்கள் கையில் இருக்கிற சோதனையைச் சந்தேகியுங்கள். அது எதைக் கேட்கிறது, எதைக் கேட்காமல் விடுகிறது என்று பாருங்கள். நான் கண்ணைக் கேட்டேன். கண் சரியாகத்தான் பதில் சொன்னது. அதற்குப் பின்னால் இருந்த மனிதனை நான் கேட்கவில்லை.

அன்றைக்குக் கச்சேரித் தாழ்வாரத்தில் நடந்ததையும் சொல்லிவிட்டு முடித்துவிடுகிறேன். விசாரணை முடிந்து நாங்கள் வெளியே வந்து நின்றோம். பாக்கியம் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். ஜமுக்காளத்துக்குப் பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கடைசியாக ஞானமுத்து வந்தான். உள்ளே தேவசகாயம் சொன்னதையெல்லாம் அவன் கேட்டிருந்தான். ஆனாலும் கண்ணில் நம்பிக்கை இல்லை. என்னையும் நம்பவில்லை, மாஜிஸ்திரேட்டையும் நம்பவில்லை. நேராக வந்து அத்தான் முன்னால் ஒரு முழத் தூரத்தில் நின்றுகொண்டு, வாயைத் திறக்காமல் அவர் முகத்தையே பார்த்தான்.

நான் ஏதோ சொல்லப் போனேன். அவன் கையைக் காட்டி என்னைத் தடுத்தான்.

தேவசகாயம் அவனைப் பார்த்தார். யாரோ ஒரு வழிப்போக்கன், தாழ்வாரத்தைக் கடந்து போக வேண்டியவன். மரியாதையாக ஓரம் ஒதுங்கி, “போங்க அண்ணாச்சி” என்று வழி விட்டார்.

ஞானமுத்து போகவில்லை. ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த ரோஷம் அப்படியே கண்ணில் தண்ணீராக இறங்குவதைப் பார்த்தேன்.

“அத்தான்” என்றான். “நான்தான் அத்தான், ஞானமுத்து.”

தேவசகாயம் அவன் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். “ஏலே மாப்ள, நீ பேசாம நின்னா நான் என்னலே செய்வேன்?”

“இனிமே பேசாம இருக்க மாட்டேன் அத்தான்” என்றான் அவன்.